ஹட்டன் மழையில் ஒரு பிரெஞ்சு டிஃபென்ஸ்

2025 ஆகஸ்ட் 7, வியாழன்: கண்டி முதல் ஹட்டன் வரை

கண்டியில் பெரஹரா, தலதா மாளிகைத் திருவிழா ஊர்வலம், கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. நாளை நிக்கினி போயா, பௌர்ணமி விடுமுறை. பகல் பதினொரு மணிக்கே தலதா வீதியோரத்தில் பாயும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். குடை, சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் பக்கத்திலேயே. மற்ற நாட்களில் 4000 ரூபாவுக்குக் கிடைக்கும் அறைக்கு இன்று 12,000 கேட்கிறார்கள். பெரஹரா பார்க்க வராதவர் இந்த வாரம் கண்டியில் தங்குவது வீண் செலவு. அன்றைக்கே மேலே ஏறிவிடுவதுதான் புத்தி.

கோச்சியில், அதாவது ரயிலில், நாவலப்பிட்டி வரை காலூன்ற இடமில்லை. அதற்குப் பிறகு கொஞ்சம் தளர்ந்தது. உளுந்து வடை நாலு 200 ரூபா. வடை சுற்றித் தந்த தாள் ஏழாம் ஆண்டுக் கணித வினாத்தாள். எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் கேள்வி தெளிவாகத் தெரிந்தது. வட்டவளையில் வழக்கம்போல் மழை பிடித்தது. ஜன்னலை இறக்கினால் மூச்சு முட்டும், ஏற்றினால் மடி நனையும். எதிரே இருந்த அம்மா கேட்காமலே தன் துவாயில் பாதியை எடுத்து ஜன்னல் விளிம்பில் செருகிவிட்டார்.

அதே பெட்டியில் பாடசாலைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கூட ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். எல்லோரும் சனி, ஞாயிறு ஹட்டனில் நடக்கும் செஸ் சுற்றுப்போட்டிக்குப் போகிறவர்கள். ஓடும் கோச்சியில் சுருட்டும் வினைல் பலகை உதவாது, வளைவில் காய்கள் சரியும். அவர்களிடம் இருந்தது உள்ளங்கையளவு காந்தப் பலகை. பின்னேரம் முழுக்க அதில் ஓடியது ஒரே ஓப்பனிங்தான், ஆட்டத்தைத் தொடங்கும் ஒரே முறை: பிரெஞ்சு டிஃபென்ஸ், அட்வான்ஸ் வேரியேஷன்.

காரணம் கேட்டால் ஒரு பையன், "குகேஷையே அதுலதான சேர் அடிச்சாங்க" என்கிறான். அவன் சொல்வது சரி. 2024 நவம்பரில் சிங்கப்பூர் உலக சாம்பியன் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் கறுப்புக் காயோடு பிரெஞ்சு ஆடி 42 நகர்வில் இந்தியாவின் குகேஷை வென்றார். பட்டத்தை இறுதியில் 7.5–6.5 என்று எடுத்தது குகேஷ்தான். ஆனால் பிள்ளைகள் மனதில் நிற்பது அந்த முதல் ஆட்டம். டிங் ஆடியது வேறு கிளை, அதில் வெள்ளை மூன்றாம் நகர்வில் குதிரையை சி3 கட்டத்துக்குக் கொண்டுவரும். இவர்களுக்கு ஆசிரியர் சொல்லிக்கொடுப்பது மூன்றாம் நகர்விலேயே ஈ5 என்று தள்ளும் கிளை.

ஆகஸ்ட் 8, வெள்ளி: ஹட்டன், போயா

காலையில் குளிர். மூடுபனி கடைவாசல் வரை வந்து நிற்கிறது. போயா என்பதால் இறைச்சிக் கடையும் மதுக்கடையும் பூட்டு. தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும்தான் காலைச் சாப்பாடு. ரொட்டி ஒன்று 70 ரூபா, பிளேன்டீ 50. ரொட்டி ஒரு விரல் மொத்தம், கல்லில் நன்றாகக் கருகவிட்டு எடுக்கிறார்கள். சம்பல் அம்மியில் அரைத்தது, வெங்காயம் நசுங்கியிருக்கிறதே தவிரக் கூழாகவில்லை. கடைக்காரர் இரண்டாம் கோப்பைக்குக் காசு வாங்கவில்லை. "மழ பேஞ்சா ரெண்டாவது ஓசி" என்றார். ஆகஸ்டில் ஹட்டனில் இந்தக் கணக்கு வியாபாரத்துக்கு ஆகாது. சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பரில் தொடங்கி மே மாதத்தோடு முடிகிறது. இப்போது யாத்திரிகர் இல்லாததால் அறைவாடகை பாதிதான்.

மேசையில் காந்தப் பலகையை விரித்து ஆசிரியர் விளக்கியதைச் சற்று விரிவாகவே எழுதிவைக்கலாம். நாளைய ஆட்டம் விளங்க இது வேண்டும்.

பலகையின் கட்டங்களுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, 1 முதல் 8 வரை எண். காயின் பெயர் சொல்லாவிட்டால் அது சிப்பாய் நகர்வு. வெள்ளை ஈ4, கறுப்பு ஈ6. பிறகு டி4, டி5. மூன்றாவதாக வெள்ளை ஈ5. கறுப்பு சி5 என்று சிப்பாயைத் தள்ளி டி4ஐத் தாக்கும். வெள்ளை சி3 போட்டுக் காக்கும். இப்போது வெள்ளைச் சிப்பாய்கள் சி3, டி4, ஈ5 என்று சாய்வாக ஒரு சங்கிலி. சங்கிலியை நுனியில் அடிக்காதே, அடியில் அடி என்று 1920களில் செஸ் மேதை நிம்சோவிச் வாதாடியது இந்த மாதிரி நிலையை வைத்துத்தான். கறுப்பு அதைத்தான் செய்கிறது: குதிரை சி6, வெள்ளையின் குதிரை எஃப்3, கறுப்பின் ராணி பி6. இப்போது டி4ஐத் தாக்குவோர் மூவர்: சி5 சிப்பாய், சி6 குதிரை, பி6 ராணி. காப்போரும் மூவர்: சி3 சிப்பாய், எஃப்3 குதிரை, டி1இலிருந்து பார்க்கும் ராணி.

ஆறாவது நகர்வில் வெள்ளை பிஷப்பை டி3இல் வைத்தால் என்ன ஆகும்? அது எச்7ஐப் பார்க்கும் நல்ல இடம். ஆனால் சொந்த ராணியின் பார்வையை மறைத்துவிடும். டி4க்கு ஒரு காவல் குறைந்தது.

இங்கேதான் மலையில் பாதிப் பிள்ளைகள் விழுகிறார்களாம். கறுப்பு டி4இல் வெட்டும், வெள்ளை சி சிப்பாயால் திருப்பி வெட்டும். உடனே கறுப்பு குதிரையால் டி4ஐ எடுக்கிறது, வெள்ளைக் குதிரை அதை எடுக்கிறது, கறுப்பு ராணி அதை எடுக்கிறது. ஒரு சிப்பாய் லாபம் என்று நினைத்த கையோடு வெள்ளை பிஷப் பி5க்குப் பாய்ந்து செக். டி வரிசை திறந்துகொண்டது. டி1 ராணி டி4 ராணியைப் பார்க்கிறது, கறுப்போ ராஜாவைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ராணி போயிற்று.

தீர்வு ஒரே ஒரு நகர்வு: ஏழாவதில் வெட்டாமல் முதலில் பிஷப்பை டி7இல் வை. பி5 செக் அதோடு செத்துவிடும். அதன் பிறகு டி4 சிப்பாய் உண்மையாகவே ஆபத்தில் இருக்கும். ஆசிரியர் பிள்ளைகளிடம் நகர்வு எண்ணைக் கேட்பதில்லை. "தம்பி, வெள்ள ராணி இப்ப எங்க பாத்துக்கிட்டு இருக்கு?" என்றுதான் கேட்கிறார். பதில் சொல்லத் திணறியவன் அடுத்த பிளேன்டீயைத் தூக்கிவர வேண்டும்.

டி7க்குப் பிறகும் வெள்ளை பயப்படாமல் கோட்டை கட்டி (ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்கும் காஸ்லிங்) அந்தச் சிப்பாயைக் கொடுத்துவிடலாம். அதுதான் மில்னர்-பேரி கேம்பிட். பெயருக்குரிய ஸ்டூவர்ட் மில்னர்-பேரி இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மன் சங்கேதம் உடைத்தவர்களில் ஒருவர். சரியாகக் காத்தால் கறுப்புக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் பொதுவான கருத்து. ஆனால் ஒரு மணி நேர ஆட்டத்தில், குளிரில், எதிரே ஒரு பதினாறு வயதுப் பிள்ளை சிப்பாய்களை வாரி வீசும்போது சரியாகக் காப்பது வேறு விஷயம்.

பின்னேரம் மண்டபத்தில் மேசை போடும் வேலை. தகரக் கூரை. நடுவர் ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு போனார். ஆடுபவரின் வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும். ஒரு வரிசையில் நாலு பலகைகள் திரும்பிக் கிடந்தன. ஆட்டம் தொடங்கிய பின் கண்டுபிடித்தால் ஆட்டம் செல்லும், ஆனால் நிலையை அப்படியே சரியான பலகைக்கு மாற்ற வேண்டும். நிறம் மாறி ஆடியிருந்தால் கதை வேறு: இருவரும் பத்து நகர்வு முடிக்குமுன் தெரிந்தால் புது ஆட்டம், அதற்கு மேல் போயிருந்தால் அப்படியே தொடரும்.

ஆகஸ்ட் 9, சனி: முதல் மூன்று சுற்று

ஆளுக்கு 60 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல். ஐந்து சுற்று, சுவிஸ் முறை, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சம புள்ளி உள்ளவர்கள் மோதுவார்கள். நுழைவுக் கட்டணம் 1500 ரூபா, மாணவருக்கு 1000. தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஊர்க் கோயில் காசில் கட்டியிருக்கிறார்கள்.

முதல் சுற்றிலேயே ஒரு குளறுபடி. யாருக்கு யார் என்ற பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். மண்டபத்துக்குள் போன் அணைத்துப் பையில் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். சொன்னபடி போனை அணைத்துவிட்டு, சுவரில் ஒட்டும் தாளுக்காகக் காத்திருந்த நோர்வூட் பையன் ஒருவனுக்குத் தாள் ஒட்டப்பட்டது தெரியவில்லை. கூரையில் மழை கொட்டியதால் அறிவிப்பும் காதில் விழவில்லை. 15 நிமிடம் தாண்டினால் தோல்வி என்று விதி. அவன் வந்து உட்கார்ந்தது பதினாறாவது நிமிடத்தில். எதிராளி ஒரு பெரியவர், "நான் விளையாடுறேன், விடுங்க" என்றார். நடுவர் விடவில்லை. விதிப்படி நடுவர் சரி. மழைக்காலத்தில் தகரக் கூரை மண்டபம் எடுத்தால் தாளை நாலு இடத்தில் ஒட்டுங்கள். 40 ரூபாவுக்கு மேல் செலவாகாது.

இரண்டாம் சுற்றில் நான்காம் பலகை. வெள்ளைக்கு, கோச்சியில் வந்த கூட்டத்தைச் சேர்ந்த பதினொராம் ஆண்டு மாணவி. கறுப்புக்குக் கண்டியிலிருந்து வந்த, நாற்பதைத் தாண்டிய ஒருவர், நல்ல ஆட்டக்காரர். ஈ4, ஈ6, டி4, டி5, ஈ5. கோச்சியில் பார்த்த அதே நிலை அப்படியே வந்தது. ஏழாவதில் அவர் பொறியில் விழவில்லை, பிஷப் டி7. அவள் கோட்டை கட்டினாள். குதிரைகள் டி4இல் வெட்டுப்பட்டு, கறுப்பு ராணி டி4இல் நின்றது. பத்தாவதாக வெள்ளைக் குதிரை சி3.

இந்த இடத்தில் கறுப்புக்கு இரண்டு வழி. ஒன்று ஏ6: குதிரை பி5க்கு வருவதைத் தடுத்து, ஒரு சிப்பாய் லாபத்தோடு உட்கார்ந்துகொள்வது. மற்றது ஈ5 சிப்பாயையும் விழுங்குவது. அவர் விழுங்கினார். வெள்ளையின் கோட்டைக் காய் ஈ1க்கு வந்து ராணியைத் துரத்தியது. ராணி டி6க்குப் போனது, குதிரை பி5க்கு வந்து மறுபடி துரத்தியது, ராணி பி8க்கு ஒதுங்கியது. பன்னிரண்டு நகர்வில் கறுப்பு இரண்டு சிப்பாய் கூடுதல். ஆனால் வெளியே வந்திருப்பது டி7 பிஷப் மட்டும்தான், ராஜா ஈ8இலேயே நிற்கிறார். பதின்மூன்றாவதில் அவள் ராணியை எஃப்3இல் வைத்தாள். அடுத்து பிஷப் எஃப்4 வந்தால் பி8 ராணிக்கு மூச்சு முட்டும். அதைத் தடுக்க அவர் பிஷப்பை டி6இல் வைத்தார். இதற்கே இருபது நிமிடத்துக்கு மேல் போனது.

பதினான்காவதில் அவள் ராணியால் டி5 சிப்பாயை எடுத்தாள். ஈ6 சிப்பாயின் வாய்க்கு நேரே வெள்ளை ராணி.

அவர் கை பாய்ந்தது. ஈ6 சிப்பாயைத் தூக்கி, ராணியை எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்து, கடிகாரத்தையும் அழுத்திவிட்டார். ஈ வரிசையில் வெள்ளைக் கோட்டை ஈ1, கறுப்பு ராஜா ஈ8, இடையில் அந்த ஒரே சிப்பாய். அது ‘பின்’ (pin) எனும் பிடியில் மாட்டியிருக்கிறது. பக்கத்துக்கு நகர்ந்தால் ராஜாவுக்குச் செக். செல்லாத நகர்வு.

மாணவி செய்தது பாடம் மாதிரி இருந்தது. ஒன்றும் பேசவில்லை, காயைத் தொடவில்லை. இரண்டு கடிகாரமும் நிற்கும்படி நிறுத்தி, கையைத் தூக்கினாள். நடுவர் வந்து நிலையைத் திருப்பி வைத்தார். வெள்ளைக்கு 2 நிமிடம் கூட்டினார். இன்னொரு முறை இப்படி நடந்தால் ஆட்டமே போய்விடும் என்று கறுப்பிடம் சொன்னார். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த விதிதான்.

அதற்குப் பிறகுதான் சலசலப்பு. அவர் பிஷப்பால் எச்2ஐ வெட்டிச் செக் வைக்கப் போனார். அதுதான் அந்த நிலையில் சரியான நகர்வும்: ராஜா எச்1க்குப் போக, மற்ற பிஷப் சி6க்கு வந்து வெள்ளை ராணியைத் துரத்தும், ஆட்டம் திறந்தே கிடக்கும். நடுவர் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினார். செல்லாத நகர்வைத் திருப்பினாலும், தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி அப்படியே நிற்கிறது. முதலில் தொட்டது ஈ6 சிப்பாய். அதனால் ராணியை வெட்ட முடியாது, ஆனால் முன்னே போக முடியும். ராஜாவுக்கும் கோட்டைக்கும் இடையில் அதே வரிசையில்தான் இருக்கும், செக் ஆகாது. எனவே ஈ5 தள்ளியே ஆக வேண்டும், வேறு தெரிவு இல்லை. அவர் விதிப்புத்தகம் கேட்டார். நடுவர் கொண்டுவந்து காட்டினார். படித்துப் பார்த்துத் தலையசைத்து, சிப்பாயை ஈ5இல் வைத்தார். கோபப்படவில்லை.

குதிரை டி6 பிஷப்பை எடுத்தது, செக். கறுப்பு ராணி குதிரையை எடுத்தால் வெள்ளை ராணி அந்த ராணியை எடுத்துக்கொள்ளும், அதைக் காக்க யாரும் இல்லை. ராஜா எஃப்8 போனால் எஃப்7இல் ராணி வந்து மேட். அவர் டி8 போனார். குதிரை எஃப்7இல் வெட்டிச் செக், கூடவே எச்8 கோட்டைக்கும் குறி. கைகொடுத்துவிட்டார். பதினாறு நகர்வு.

ஆட்டம் முடிந்து அரைமணி நேரம் இருவரும் வெளி வராந்தாவில் அதே நிலையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் அவளுக்கு ஏ6ஐக் காட்டிக்கொடுத்தார். "மகள், நான் அங்க ஏ6 போட்டிருந்தா நீங்க என்ன செய்வீங்க?" அவளிடம் பதில் இல்லை. தோற்றவர் வென்றவளுக்கு அடுத்த ஆட்டத்துக்கான மருந்தைத் தருவது இந்த விளையாட்டில் புதிதல்ல. ஆனாலும் இந்தப் பண்பு எல்லா ஊர் மண்டபத்திலும் கிடைப்பதில்லை.

இரவுச் சாப்பாடு முட்டைக் கொத்து, 850 ரூபா. இரண்டு பேர் சாப்பிடலாம். மழை விடவில்லை. உடுப்பு காயாது என்று தெரிந்தும் எல்லா விடுதி ஜன்னலிலும் காலுறை தொங்கியது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு: கடைசி இரண்டு சுற்று

நான்காம் சுற்றில் இரண்டு கடிகாரங்கள் மங்கின. பேட்டரி. கடிகாரம் சாவதற்குள் இரண்டு பக்க நேரத்தையும் நகர்வு எண்ணையும் நடுவர் எழுதிக்கொண்டுவிட்டால் வேறு கடிகாரத்தில் ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம். செத்த பிறகு ஊகம்தான், ஊகத்தில் யாராவது ஒருவர் முகம் சுருங்கும். ஒன்றில் முந்திக்கொண்டார்கள், மற்றதில் இல்லை.

அதே மாணவிக்கு மறுபடி வெள்ளை, மறுபடி பிரெஞ்சு. இம்முறை எதிரே பண்டாரவளைப் பையன், வயது பதினாலு இருக்கும். பத்தாவதில் தயங்காமல் ஏ6 வைத்தான். அவள் ராணியை ஈ2இல் வைத்தாள், அவன் குதிரை ஈ7. அவள் ராஜாவை எச்1க்கு ஒதுக்கினாள். இது பயந்து போகும் நகர்வல்ல. எஃப்4 தள்ள வேண்டுமானால் டி4 ராணியின் சாய்கோட்டிலிருந்து ராஜா விலக வேண்டும். அவன் குதிரையை சி6 கொண்டுவந்து, எஃப்4 வந்ததும் பி4இல் வைத்து, டி3 பிஷப்பைக் குதிரையால் எடுத்துவிட்டான். மில்னர்-பேரியில் வெள்ளையின் உயிரே எச்7ஐப் பார்க்கும் அந்த பிஷப்தான். அது போன பிறகு ஒரு சிப்பாய்க் குறை மட்டும் மிச்சம். ஐம்பது நகர்வு இழுத்து, கோட்டை முடிவாட்டத்தில் தோற்றாள்.

பரிசளிப்புக்கு முன் பெற்றோர் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கேள்வி ஒன்றுதான்: பிள்ளைக்கு உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் மதிப்பெண் எப்போது வரும்? மதிப்பெண் உள்ள குறைந்தது 5 பேரோடு ஆடியிருக்க வேண்டும். 2024 மார்ச் 1 முதல் பட்டியலின் அடித்தளம் 1000இலிருந்து 1400 ஆகிவிட்டது, கணக்கில் அதற்குக் கீழே வந்தால் பெயரே ஏறாது. முன்பு 1100, 1200 என்று ஒரு எண்ணைக் காட்டிப் பாடசாலையில் மாலை வாங்கிய பிள்ளைகள் உண்டு. இப்போது முதல் படியே உயரம். வலுவான கொழும்பு ஆட்டக்காரர்கள் மலைக்கு ஏறி வந்தால்தான் இங்கே அந்த ஐந்து பேர் கிடைப்பார்கள். அதனால் ஒரு சுற்றுப்போட்டியில் பரிசுத்தொகையைவிட யார் வருகிறார்கள் என்பதே முக்கியம். இதை ஏற்பாட்டாளர்கள் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை என்றே படுகிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்: ஹட்டன் முதல் பண்டாரவளை வரை

காலைக் கோச்சி. சிங்கமலைச் சுரங்கம், கொட்டகலை, தலவாக்கலை. நானுஓயாவில் வெளிநாட்டுப் பயணிகள் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள், நின்றவர்களுக்கு இருக்கை கிடைத்தது. கரட், லீக்ஸ் மூட்டைகளோடு மேடையில் நின்றவர் கரட் கிலோ 250 என்றார். பட்டிப்பொல வரை அதே சாம்பல் நிற மழை. இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான், 1891 மீற்றர். அடுத்த சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் வெயில். தென்மேற்குப் பருவக்காற்று மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, ஊவா மாகாணப் பக்கம் வெறும் காற்றாக இறங்குகிறது. கேள்விப்பட்டிருந்தாலும், ஒரு சுரங்கத்தின் இரண்டு வாயிலில் இரண்டு பருவத்தைக் காண்பது நம்ப முடியாததாகவே இருக்கிறது. ஒஹியவில் எல்லோரும் ஈரக் காலுறையை ஜன்னலில் விரித்தார்கள்.

ஆசிரியரும் பண்டாரவளைவரை வந்தார், மகள் வீட்டுக்கு. காந்தப் பலகை மறுபடி வெளியே வந்தது. பக்கத்தில் இருந்த பையனின் சந்தேகம் நல்ல சந்தேகம்: டி7 பிஷப் அவ்வளவு அவசியம் என்றால், சிப்பாயை வெட்டாமல் ஆறாவதிலேயே அதை வைத்துவிட்டால் என்ன? வைக்கலாம். ஆனால் வெள்ளைக்கு ஒரு தெரிவு கிடைத்துவிடும். டி4 சிப்பாயைப் பறிகொடுக்காமல் சி5இல் வெட்டிக்கொள்ளும். கறுப்பு பிஷப்பால் எடுக்கும், வெள்ளை கோட்டை கட்டிவிட்டு அடுத்து பி4 தள்ளி அந்த பிஷப்பை விரட்டும். கோட்டை கட்டாமல் அவசரப்பட்டு பி4 தள்ளினால் எஃப்2இல் பிஷப் பாய்ந்து செக் வைக்கும், பி6 ராணி பின்னால் நிற்கிறதே. ஆகவே கறுப்பு முதலில் டி4இல் வெட்டி, பிறகு டி7. அந்த வரிசைதான் கணக்கு.

வெள்ளைக்கு என்ன மாற்று? ஆறாவதில் பிஷப்பை ஈ2இல் வைத்தால் ராணியின் பார்வை மறையாது, ஆட்டம் சாதுவாகப் போகும். ஏ3 வைத்தால் பி4 தள்ளும் எண்ணம். கறுப்பு பெரும்பாலும் சி4 என்று பூட்டிவிடும், அதன் பிறகு இருபது நகர்வுக்கு இரு பக்கமும் குதிரைகளை இடம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் இதைத்தான் விரும்பி ஆடுகிறார்கள். பதினாலு வயதுக்குக் கீழே இதைக் கற்றுக்கொடுக்க மாட்டேன் என்கிறார் ஆசிரியர். முதலில் ராணியைக் கொடுத்தும் வாங்கியும் பழகட்டும், பூட்டுவது பிறகு பார்க்கலாம் என்பது அவர் கட்சி. மாணவியோ ஏற்கெனவே ஏ3ஐத் தேடிப் படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று அந்தப் பையன் போட்டுக்கொடுத்தான்.

பண்டாரவளையில் இறங்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. நிலையத்துக்கு வெளியே சோறும் கறியும் 450 ரூபா: பருப்பு, போஞ்சி, கிழங்கு, அப்பளம். சோறு இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்காமல் போடுகிறார்கள். எல்ல ஊருக்குப் போகும் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கிறது, நிறைந்த பிறகுதான் எடுப்பார்கள்.